‘மச்சி... லெஃப்ட்ல பள்ளம்... ஓவர்!’

வண்டலூர் - வாலாஜாபாத் சாலைக்கு இரண்டு முகம் உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை கம்பெனி பஸ்கள், கன்டெய்னர் லாரிகள், நைட் ஷிஃப்ட் முடிந்து அரைத் தூக்கத்தில் போகும் பைக்குகள். சனிக்கிழமை விடிந்தால் ஜீப்புகள்! பெரிய டயர், பின்னால் ஸ்டெப்னி, கூரையில் நாலு விளக்கு, உள்ளே நாலு பேச்சுலர்கள்.

ஆச்சரியம் இல்லை. தார் ஜீப்பை வடிவமைத்த மகிந்திரா ரிசர்ச் வேலி இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிறது. டஸ்டர் 2012-ல் ஒரகடத்தில்தான் பிறந்தது. வாரம் முழுக்க வண்டி செய்கிறவர்களுக்கு வாரக் கடைசியில் ஒரு வண்டி ஓட்ட ஆசை வராதா?

வாங்கிவிடுகிறார்கள். 84 மாத இ.எம்.ஐ. ஆனால் அந்த ஃபோர் வீல் டிரைவ் லீவர் இருக்கிறதே, அது பல வீடுகளில் மிக்ஸியோடு வந்த மூன்றாவது ஜார் மாதிரி. இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஒருநாளும் பயன்படுத்தியது கிடையாது! அதற்காகவே நாலைந்து ஜீப்புகள் கூட்டு சேர்ந்து ஜவ்வாது மலை, ஏலகிரி, ஆந்திரா பக்கம் என்று கிளம்புகின்றன.

அங்கேதான் ஆரம்பிக்கிறது வம்பு.

எனக்குத் தெரிந்த ஒரு கோஷ்டி. மூன்று ஜீப், பதினோரு பேர், ஜவ்வாது மலை. மண் ரோட்டில் முன்னால் போகிற வண்டி கிளப்பும் புழுதியில் பின்னால் வருகிறவருக்கு பானெட்டே தெரியாது. அதனால் இடைவெளி விட்டுப் போனார்கள். செல்போனில் ஒரு கோடு, அப்புறம் அரைக் கோடு, அப்புறம் ‘நோ சர்வீஸ்’. முதல் இரண்டு வண்டியும் ஜமுனாமரத்தூர் போய் டீ சொல்லி, டீ ஆறி, அடுத்த டீயும் சொல்லியாயிற்று. மூன்றாவது வண்டியைக் காணோம்.

மூன்றாவது வண்டி டயர் கிழிந்து ஒரு வளைவில் நின்றுகொண்டிருந்தது. அதில் ஒரு நண்பரின் அப்பா. ஆஸ்துமாக்காரர். புழுதி வேறு. இன்ஹேலர் இருந்த பை எங்கே? முதல் வண்டியில்! ‘டிக்கியில் இடம் இல்லைப்பா, அந்த வண்டியில போட்டுடு’ என்று காலையில் போட்டதுதான்.

முக்கால் மணி நேரம். கடைசியில் எதிரே வந்த பால் வண்டிக்காரர் ஒருவர் கீழே சேதி கொண்டுபோனார். பெரியவர் பிழைத்தார். கோஷ்டியின் முகத்தில் மட்டும் ஒரு வாரத்துக்கு ஈயாடவில்லை.

‘ஒரு வாக்கி-டாக்கி இருந்திருந்தா...’ என்று ஆளுக்கு ஆள் புலம்பினார்கள். சரியான புலம்பல்தான். ஆனால், எந்த வாக்கி-டாக்கி? இந்தக் கேள்விக்குத் தப்பாக பதில் சொன்னால் அடுத்த முக்கால் மணி நேரம் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் கழியும். ஆகவே, பொறுமையாக வாருங்கள்.

லாரிக்காரர்கள் வளர்த்த குழந்தை

ஒயர்லெஸ் என்றாலே நமக்கு ஞாபகம் வருவது போலீஸ்காரர் தோளில் கரகரக்கும் கருவி. ‘சாதாரண ஜனங்களும் ஒயர்லெஸ்ஸில் பேசிக்கொள்ளட்டுமே’ என்று அமெரிக்கா ஒரு சின்ன அலைவரிசைப் பட்டையைத் திறந்துவிட்டது. பெயர் சிட்டிசன்ஸ் பேண்டு. சுருக்கமாக சி.பி. இன்றைக்கு உலகம் முழுக்கத் தெரிந்த 27 மெகாஹெர்ட்ஸ் பட்டையை 1958-ல் ஒதுக்கினார்கள்.

அதை ஊர் ஊராகப் பரப்பியவர்கள் லாரி டிரைவர்கள். 1973-ல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. எரிபொருளை மிச்சம் பிடிக்க அமெரிக்க அரசு ‘மணிக்கு 55 மைலுக்கு மேல் போகாதே’ என்று கட்டளை போட்டது. எந்த பங்க்கில் டீசல் இருக்கிறது, எந்தப் பாலத்துக்கடியில் போலீஸ் ஒளிந்திருக்கிறது என்று டிரைவர்கள் சி.பி-யில் சொல்லிக்கொண்டே போனார்கள். நம் ஊர் லாரிக்காரர் எதிரே வருகிறவருக்கு ஹெட்லைட்டை இரண்டு தரம் அடித்துக் காட்டுவாரே, அதே சேதிதான். அவர்கள் வாயால் சொன்னார்கள், அவ்வளவுதான்.

கிராக்கி தாங்காமல் 23 சேனலாக இருந்ததை 1977-ல் 40 ஆக்கினார்கள். சேனல் 9 அவசர உதவிக்கு. சேனல் 19 லாரிக்காரர்களுக்கு. ஜனாதிபதியின் மனைவி பெட்டி ஃபோர்டுகூட ‘ஃபர்ஸ்ட் மாமா’ என்ற புனைபெயரில் சி.பி-யில் பேசினார். (அந்த மாமா அம்மாவைக் குறிக்கும். நம் ஊர் மாமா இல்லை!) பிரிட்டன் 1981 நவம்பரில்தான் அனுமதி கொடுத்தது.

லாரியிலிருந்து அது ஜீப்புக்குத் தாவியது இயல்பு. ‘முன்னால் பாறை’, ‘இடது பக்கம் ஒடி’, ‘நில்லு, நான் மாட்டிக்கிட்டேன்’ என்பதற்கெல்லாம் டவரும் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம். ஒருவர் பேசினால் எல்லா வண்டியிலும் ஒரே நேரத்தில் கேட்கும். செல்போன் தர முடியாத வசதி இது.

சட்டம் என்ன சொல்கிறது, சார்?

ஒரு காலத்தில் பாட்டுக் கேட்கிற ரேடியோவுக்கே தபாலாபீஸில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டிய தேசம் இது. எண்பதுகளில்தான் அது ஒழிந்தது. கேட்பதற்கே அப்படி என்றால், பேசுவதற்கு?

அதுவும் நம் பகுதிக்கு ஒயர்லெஸ்ஸோடு ஒரு கசப்பான தொடர்பு உண்டு. ராஜீவ் காந்தி முறையாக லைசென்ஸ் வாங்கிய ஹாம் ரேடியோக்காரர். வி.யு.2.ஆர்.ஜி. என்பது அவருடைய அழைப்புக் குறி. 1991 மே 21-ம் தேதி, இங்கே ஸ்ரீபெரும்புதூரில் அவர் கொல்லப்பட்டார். அந்த வழக்கின் புலனாய்வில் கொலையாளிகளின் சங்கேத ஒயர்லெஸ் செய்திகளும் தடயங்களாக வந்தன. ஆகவே, நீளமான ஆன்டெனாவைப் பார்த்ததும் நம் ஊர் போலீஸ்காரர் புருவத்தை உயர்த்தினால் அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

இனி விஷயம். இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் பேச, ஜீப் கோஷ்டிக்கு உதவும் வழிகள் இரண்டு.

முதல் வழி சி.பி. 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட் சக்திக்கு உட்பட்ட கருவிகளுக்கு லைசென்ஸ் விலக்கு உண்டு.

இரண்டாவது வழி, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் சின்ன வாக்கி-டாக்கி. 2018-ம் ஆண்டு விதிகளின்படி விலக்கு பெற்றது.

இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை: கருவிக்கு தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு கொடுக்கும் ஒப்புதல் இருக்க வேண்டும். இ.டி.ஏ. என்பார்கள். கடைக்காரரிடம் அந்தச் சான்றிதழின் பிரதியைக் கேளுங்கள். ‘அதெல்லாம் எதுக்கு சார், எல்லாரும் வாங்குறாங்க’ என்று சொன்னால், ‘வர்றேன் அண்ணே’ என்று படியிறங்கிவிடுங்கள். விதியில் வாட் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஆன்டெனா எப்படி இருக்கலாம் என்ற வாசகத்தையும், நீங்கள் வாங்கப்போகும் செட்டின் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் ஒத்துப்பார்த்த பிறகு பர்ஸைத் திறங்கள்.

வில்லன் யார் தெரியுமா? இன்டர்நெட்டில் இரண்டாயிரம், மூவாயிரத்துக்குக் கிடைத்துக்கொண்டிருந்த சீன வாக்கி-டாக்கி. தோற்றம் ஜோர். விலை மலிவு. ஆனால் 136 முதல் 174, 400 முதல் 520 மெகாஹெர்ட்ஸ் வரை இஷ்டத்துக்குத் திருப்பலாம். அந்த வீதியில் போலீஸ் முதல் பலரும் குடியிருக்கிறார்கள். நீங்கள் ‘மச்சி, பிரியாணி எங்கடா?’ என்று கேட்பது அவர்களில் யார் காதில் விழும் என்று சொல்ல முடியாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் இப்படிப்பட்ட விற்பனைக்காக ஆன்லைன் கடைகளுக்கு 13 நோட்டீஸ்கள் அனுப்பியது. அதே மாதக் கடைசியில் தனி வழிகாட்டு நெறிகளும் வந்தன.

‘இன்டர்நெட்ல வித்தாங்களே, அப்ப லீகல்தானே?’ என்று கேட்கக்கூடாது. செட் பறிமுதல் ஆனால் போவது மூவாயிரம். வழக்கு என்று ஒன்று பதிவானால், நாளைக்கு பாஸ்போர்ட்டுக்கும் வேறு கம்பெனி வேலைக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் வரும்போது யார் பதில் சொல்வது? கான்ட்ராக்ட் லேபராகச் சேர்ந்து நிரந்தரம் ஆகக் காத்திருக்கும் தம்பிமார்கள் இந்தக் கணக்கை இரண்டு தரம் போட்டுப் பார்க்கவும்.

சாட்டிலைட் போன்? அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் அது இன்னும் பெரிய தலைவலி. வெளிநாட்டு டூரிஸ்ட்டுகளே விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள்.

மேன்ஷன் பாத்ரூம் தத்துவம்

லைசென்ஸ் விலக்கோடு ஒரு வரி ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘நீங்கள் யாருக்கும் இடைஞ்சல் செய்யக்கூடாது. உங்களுக்கு யாராவது இடைஞ்சல் செய்தால் பாதுகாப்பு கேட்கக்கூடாது.’ திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கியவர்களுக்கு சட்டென்று புரியும். பொது பாத்ரூம். முன்னால் போனவர் பாட்டுப் பாடிக் குளித்தால் வெளியே சோப்பு டப்பாவோடு நிற்க வேண்டியதுதான்.

அந்த 27 மெகாஹெர்ட்ஸ் பாத்ரூமில் யார் யார் இருக்கிறார்கள்? ரிமோட் பொம்மைக் கார்கள் பல அங்கேதான் ஓடுகின்றன. அதைவிட முக்கியம், தொழிற்சாலைகள். பிளாஸ்டிக் ஷீட்டை ரேடியோ அலையால் சூடாக்கி ஒட்டும் வெல்டிங் மெஷின்கள் 27.12 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கின்றன. நம் சி.பி. பட்டையின் நட்டநடுவில்! தொழிற்சாலைகள் வரிசை கட்டி நிற்கும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செட்டைப் போட்டதும் ‘உர்ர்ர்’ என்று கேட்டால் ‘மெக்கானிக் ஏமாத்திட்டான்’ என்று சண்டைக்குப் போகாதீர்கள். பாலாற்றைத் தாண்டி வயல்வெளிக்கு வந்து கேட்டுப் பாருங்கள். அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள்.

இன்னொரு வேடிக்கை. சூரியனில் கரும்புள்ளிகள் அதிகமாகும் வருடங்களில் 27 மெகாஹெர்ட்ஸ் அலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் போகும். மலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் நண்பனுக்குக் கேட்காது. எங்கோ ஐரோப்பாவில் ஒருவருக்கு உங்கள் இருமல்கூடக் கேட்கலாம்!

எதை வாங்குவது?

முதலில் உங்கள் தேவையை எழுதுங்கள். இரண்டு மூன்று வண்டி, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே போகிற பிரயாணம் என்றால் 446 வாக்கி-டாக்கி போதும். மாட்டும் வேலையே இல்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி, ‘வா... வா... ரைட்ல ஒடி’ என்று வழி சொல்லலாம். ஆனால் ஜீப்புக்குள் உட்கார்ந்து பேசினால் இரும்புக் கூடு அலையை விழுங்கும். ஒரு கிலோமீட்டர் எட்டினாலே சந்தோஷப்படுங்கள்.

நாலைந்து வண்டி, நடுவில் நீண்ட இடைவெளி, அடிக்கடி காட்டுப் பாதை என்றால் சி.பி. வண்டியில் ஒழுங்காக மாட்டினால் சமவெளியில் 5 கிலோமீட்டர் சுமாராகப் போகும். நல்ல இடத்தில் அதற்கு மேலும். மலை குறுக்கே நின்றால் குறையும்.

சி.பி. செட்டில் கோப்ரா, யூனிடென், மிட்லண்ட், பிரெஞ்சுக்கார பிரெசிடென்ட் என்று பல கம்பெனிகள். கையில் பிடிக்கிற மாடல், டாஷ்போர்டுக்கடியில் மாட்டுகிற மாடல், எல்லா பட்டனும் மைக்கிலேயே இருக்கும் மாடல் என்று மூன்று ரகம். இன்றைய ஜீப்புகளில் கால் வைக்கவே இடம் கம்மி. அதனால் மூன்றாவது ரகம் சௌகரியம்.

வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: இது எத்தனை சேனல்? அமெரிக்க செட்டில் 40 சேனல் இருக்கும். ஆனால் நம் நாட்டு விலக்கு 27.283 மெகாஹெர்ட்ஸோடு முடிகிறது. சேனல் 27 என்பது 27.275. சேனல் 28 என்பது 27.285. ஆகவே 28 முதல் 40 வரை நமக்கு அடுத்த வீட்டுத் தோட்டம். மாங்காய் தொங்குகிறதே என்று கை நீட்டக்கூடாது!

இரண்டு: ஏ.எம்-மா, எஃப்.எம்-மா? அமெரிக்க செட்டுகள் பெரும்பாலும் ஏ.எம். ஐரோப்பாவில் எஃப்.எம். சகஜம். அமெரிக்கா 2021-ல்தான் எஃப்.எம்-முக்கு இசைந்தது. கோஷ்டியில் எல்லோரும் ஒரே ரகம் வாங்காவிட்டால், ஒருவர் தெலுங்கிலும் ஒருவர் கன்னடத்திலும் பேசின கதைதான்.

மூன்று: ‘பவர் ஏத்தித் தர்றேன்’ என்று யாராவது சொன்னால்? ‘வேண்டாம் அண்ணே’ என்பதுதான் பதில். 5 வாட்டுக்கு மேல் போனால் விலக்கும் போச்சு. மேலும், சக்தியை நாலு மடங்கு ஏற்றினாலும் தூரம் நாலு மடங்கு ஏறாது. நல்ல ஆன்டெனா செய்கிற வேலையை ஆம்ப்ளிஃபையர் செய்யாது.

மாட்டுகிற கலை

இனிமேல்தான் அசல் விஷயம். செட்டுக்கு ஐந்து மார்க் என்றால் மாட்டுவதற்குத் தொண்ணூற்றைந்து மார்க்.

ஆன்டெனா: 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 11 மீட்டர். அதில் கால் பங்கு உயரமுள்ள கம்பிதான் உத்தமம். அதாவது இரண்டே முக்கால் மீட்டர். ஒன்பது அடி! ஜீப்பின் பம்பரில் மாட்டினால் தெருவில் கட்டின தோரணம் முதல் தாழ்வான கரண்ட் கம்பி வரை எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போகும். உயிருக்கே ஆபத்து. அதனால் அடியிலோ நடுவிலோ காயில் சுற்றிய மூன்று, நாலு அடி ஃபைபர் கம்பி போதும். கொஞ்சம் தூரம் குறையும், பரவாயில்லை. அடியில் ஸ்பிரிங் இருந்தால் கிளை பட்டாலும் வளைந்து நிமிரும்.

எங்கே மாட்டுவது? ஆன்டெனா ஒற்றைக் கையால் கைதட்டாது. வண்டியின் இரும்பு உடம்புதான் இன்னொரு கை. இரும்புக் கூரை என்றால் நட்டநடுக் கூரை அருமையான இடம். கேன்வாஸ் டாப், ஃபைபர் டாப் என்றால் அங்கே இரும்பே இல்லை, பயனில்லை. பானெட் ஓரத்திலோ, பின்பக்க பாடியில் ஸ்டெப்னி அருகிலோ பிராக்கெட் போடலாம். பின் இடது மூலையில் மாட்டினால் முன் வலது பக்கம் அலை அதிகம் போகும். இரும்பு உடம்பு அந்தப் பக்கம்தானே நிறைய இருக்கிறது!

பிராக்கெட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பைத் தொட வையுங்கள். புது வண்டி பெயின்ட்டைச் சுரண்டுவது நெஞ்சில் சுரண்டுவது மாதிரிதான். என்ன செய்வது? சுரண்டின இடத்தில் துரு பிடிக்காமல் கிரீஸ் தடவுங்கள். ஓட்டை போடும் முன் வாரன்ட்டி புத்தகத்தைப் புரட்டுங்கள்.

கேபிள்: 50 ஓம் கோஆக்ஸியல். டி.வி. கேபிள் 75 ஓம், அது வேண்டாம். கதவு இடுக்கில் நசுங்காமல் கொண்டுபோக வேண்டும். ஒரு தரம் நசுங்கினால் வெளியே தோல் நன்றாகவே இருக்கும், உள்ளே கதை முடிந்திருக்கும்.

மைக் பட்டன்: ஆன்டெனா மாட்டாமல் ஆர்வக் கோளாறில் மைக் பட்டனை அழுத்தாதீர்கள். வெளியே போக வழியில்லாத சக்தி உள்ளேயே திரும்பி செட்டின் டிரான்சிஸ்டரைப் பொசுக்கலாம்.

பவர்: 12 வோல்ட், சுமார் இரண்டு ஆம்பியர். சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து எடுப்பது சோதனைக்குச் சரி. நிரந்தரத்துக்கு பேட்டரியிலிருந்து நேராகத் தனி ஒயர். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ். எஞ்ஜின் தடுப்புத் தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு ஒயரை மெள்ள மெள்ள அறுத்து ஒருநாள் புகை வரும். புது வண்டிகளில் பேட்டரி நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். அதில் கை வைக்காமல் கறுப்பு ஒயரை பாடி எர்த்தில் கொடுக்கச் சொல்லுங்கள். எந்த ஒயரும் ஏர்-பேக் மேல் குறுக்கே ஓடக்கூடாது.

சேல்ஸ் ரிட்டர்ன் கணக்கு

எல்லாம் மாட்டியாயிற்று, பேசலாமா? இருங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் என்று ஒன்று உண்டு. பி.காம். படித்தவன் என்பதால் எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். நூறு ரூபாய் சரக்கை ஆன்டெனாவுக்கு அனுப்புகிறீர்கள். எத்தனை ரூபாய் சரக்கு விற்காமல் திரும்பி வருகிறது? அதுதான் விஷயம்.

மீட்டர் 1.5 காட்டினால் 4 ரூபாய் ரிட்டர்ன். நல்ல வியாபாரம். 2 காட்டினால் 11 ரூபாய். ஓட்டலாம். 3 காட்டினால் 25 ரூபாய். கடையை மூடுங்கள், அதாவது மைக்கைக் கீழே வையுங்கள்.

சரிசெய்வது சுலபம். சுவர், மரம், வேறு வண்டி இல்லாத வெட்டவெளியில் நிறுத்தி, கதவுகளை மூடி, சேனல் 1-லும் சேனல் 27-லும் அளந்து பாருங்கள். 1-ல் அதிகமாகக் காட்டினால் கம்பி குட்டை. 27-ல் அதிகமாகக் காட்டினால் கம்பி நீளம். நுனியில் இருக்கும் திருகைக் கொஞ்சம் ஏற்றி, இறக்கி இரண்டையும் சமமாக்குங்கள். இரண்டிலுமே 3-க்கு மேல் என்றால் கம்பியைக் குற்றம் சொல்லாதீர்கள். எர்த் சரியில்லை, அல்லது கேபிள் எங்கோ ஷார்ட்.

அடுத்தது இரைச்சல். எஞ்ஜினை நிறுத்திக் கேளுங்கள், பிறகு ஸ்டார்ட் செய்து கேளுங்கள். ஆக்ஸிலரேட்டரோடு சேர்ந்து ‘டிக் டிக்’ ஏறினால் ஸ்பார்க் பிளக். டீசல் வண்டிக்கு அந்தத் தொல்லை கிடையாது. ‘ஊய்ய்’ என்று கொசு மாதிரி ஏறினால் ஆல்டர்னேட்டர். எஞ்ஜினை நிறுத்தியும் இரைந்தால்? கூரையில் ஆசை ஆசையாக மாட்டிய எல்.இ.டி. பார் விளக்கு, நூறு ரூபாய் யு.எஸ்.பி. சார்ஜர், டேஷ் கேமரா என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் குற்றவாளி அந்த மலிவு சார்ஜர்தான்!

பேசுவது எப்படி?

மைக்கை வாயிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிப் பிடியுங்கள். பட்டனை அழுத்தி, ஒரு நொடி விட்டு, அப்புறம் பேசுங்கள். இல்லாவிட்டால் ‘நிக்காதே’ என்பதில் பாதி விழுந்து, ‘நிக்...’ மட்டும் போய்ச் சேரும். பேசி முடித்ததும் பட்டனை விடுங்கள். விட்டால்தான் பதில் கேட்கும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசவே முடியாத ஒரே சாதனம் இதுதான். வீட்டுக்கு ஒன்று வாங்கலாமா என்று சில கணவன்மார்கள் யோசிப்பது எனக்குக் கேட்கிறது. மனைவிமார்கள் முந்திக்கொண்டு மைக்கைப் பிடித்தால் என்ன செய்வீர்கள்?

ஓட்டுகிறவர் பேசக்கூடாது. மைக் பக்கத்து சீட்டுக்காரரிடம் இருக்கட்டும். கையில் பிடித்துப் பேசும் தொடர்புக் கருவியை ஓட்டிக்கொண்டே பயன்படுத்துவது 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டப்படி ஆபத்தாக ஓட்டுவதில் சேரும்.

கிளம்பும் முன் சேனலை முடிவு செய்யுங்கள். முதல் வண்டிக்கு ‘தலை’, கடைசி வண்டிக்கு ‘வால்’ என்று பெயர் வைத்துவிடுங்கள். ‘தலை’ ஒவ்வொரு பதினைந்து நிமிஷமும் கூப்பிட வேண்டும். ‘வால்’ பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அந்த இடத்திலேயே எல்லோரும் நிற்க வேண்டும். டீக்கடை வரட்டும் என்று போகக்கூடாது. இன்ஹேலர், மாத்திரை, முதலுதவிப் பெட்டி எல்லாம் சம்பந்தப்பட்டவர் உட்காரும் வண்டியிலேயே இருக்கட்டும். இதற்கு எந்த லைசென்ஸும் தேவையில்லை.

சி.பி-யில் பேசுவது ரகசியம் இல்லை. அதே சேனலில் இருக்கும் யாரும் கேட்கலாம். மேனேஜரைத் திட்டுவதை டீக்கடையில் வைத்துக்கொள்ளுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழையக்கூடாது. ஒயர்லெஸ்ஸோடு நுழைந்தால் வேட்டைக்காரன் என்று நினைக்க நீங்களே காரணம் கொடுக்கிறீர்கள்.

இன்னும் ஒரு படி மேலே

இதெல்லாம் பழகி ருசி பிடித்துவிட்டால் ஹாம் ரேடியோ பரீட்சை எழுதுங்கள். பன்னிரண்டு வயது ஆனவரே எழுதலாம். கொஞ்சம் எலெக்ட்ரானிக்ஸ், கொஞ்சம் சட்டம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தந்தி தெரிய வேண்டியதில்லை. ஆனால் பேசுகிற இரண்டு பேருக்குமே லைசென்ஸ் வேண்டும். வியாபாரப் பேச்சு கூடாது.

பொழுதுபோக்குதானே என்று நினைக்காதீர்கள். 2004 டிசம்பரில் டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற ஹாம் ரேடியோப் பெண்மணி, அந்தமானிலிருந்து உலக ஹாம் நண்பர்களோடு பேசுவதற்காக போர்ட் பிளேர் போயிருந்தார். 26-ம் தேதி சுனாமி. தொலைபேசிகள் செத்துப்போயின. அவருடைய செட் பிழைத்திருந்தது. உறவினர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தவித்தவர்களுக்கும், நிவாரண வேலைக்கும் அந்தச் செட்டிலிருந்துதான் சேதிகள் போயின. பொழுதுபோக்குக்குக் கொண்டுபோன பெட்டி அது.

நம் ஜீப்புக்கு அவ்வளவு பெரிய வேலை வராமல் இருக்கட்டும். ஆனால் செலவுக் கணக்கை ஒரு தரம் பாருங்கள். பெரிய டயருக்கு எழுபதாயிரம், பார் விளக்குக்குப் பத்தாயிரம், கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கருக்கு இரண்டாயிரம் என்று போகிற பட்டியலில், பின்னால் வருகிற நண்பனின் குரலுக்கு எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள்?

அந்தக் காலம் காலியாக இருந்தால், அடுத்த சம்பளத்தில் அதை நிரப்புங்கள். சான்றிதழோடு!